பழைய மோட்டார் ரேடியோவும் புதிய துணைவாயிலும்

மோட்டார் வண்டியிற் செல்வோர் வழிநெடுகப் பாட்டுக் கேட்டுச் செல்லுதல் இக்காலத்துச் சிறுவர்க்கும் புதியதன்று. ஆயினும் அவ்வழக்கம் வேரூன்றி இன்னும் நூறாண்டு நிரம்பவில்லை. 1928-ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்னும் உடன்பிறந்தார் இருவர் சிறு தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினர். 1930-இல் அவர்கள் வண்டிக்கென்றே ஒரு ரேடியோவைச் செய்தனர். பால் கால்வின் அதனைத் தம் வண்டியிற் பொருத்தி, ரேடியோ உற்பத்தியாளர் மாநாடு கூடிய அட்லாண்டிக் சிட்டி நகர்வரை ஓட்டிச் சென்று, மண்டபத்தின் வெளியே வண்டியை நிறுத்தி, வருவார் போவார்க்கெல்லாம் அதன் ஒலியைக் கேட்பித்தார் என்பர். அக்கருவிக்கு அவர் இட்ட பெயரே மோட்டரோலா என்பது. 1947-இல் அந்நிறுவனமும் அப்பெயரையே பூண்டது. ஊர்தியின் பெயரும் அக்காலத்து இசைக்கருவிகளின் பெயர்களில் வழங்கிய ஈறும் சேர்ந்து பிறந்த கூட்டுச்சொல் அது. தமிழ் வகுப்பினராகிய எமக்கு முதலிற் கண்ணிற் பட்டது அச்சொல்லே. சொல்லைத் தொடர்ந்து பொருளுக்குட் சென்றோம். அவ்வளவே இக்கட்டுரையின் வரலாறு.

பழைய வண்டிகளைப் பேணுதலை ஒரு தவம்போற் கொண்டோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் உளர். அவர்கள் வண்டியின் எஞ்சினைப் புதுக்குவர், தோலிருக்கையைத் தைப்பர், நிக்கல் பூச்சை மெருகிடுவர். முகப்புப் பலகையின் நடுவே மஞ்சள் ஒளி வீசி நின்ற ரேடியோவையும் செப்பனிடுவர். செப்பனிட்ட பின்னரே துன்பம் தொடங்குகின்றது. கருவி பேச ஆயத்தமாயிருக்கின்றது. அதனோடு பேசுவாரைக் காணோம். அப்பழைய கருவிகளுட் பெரும்பாலானவை மத்திய அலை ஒன்றையே வாங்க வல்லன. அவ்வலையில் ஒலிபரப்பும் நிலையங்களோ ஐரோப்பாவில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வருகின்றன. ஜெர்மனியில் தாய்ச்லாண்ட்ஃபுங்க் என்னும் நாட்டு நிலையம் 2014-இன் முடிவில் நீள அலையையும், 2015-இன் முடிவில் மத்திய அலையையும் நிறுத்திவிட்டது. அயர்லாந்தின் நாட்டு நிலையம் 2023-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் நீள அலையைக் கைவிட்டது. எஃப்.எம். வாங்கும் கருவியுடையோரும் இறுமாந்திருத்தற்கில்லை. நார்வே நாட்டின் பெருநிலையங்கள் 2017-இல் எஃப்.எம். அலையை விட்டு நீங்கின. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்புக் கழகம் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாளோடு அதனை நிறுத்திற்று. அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் இன்னும் மிகுதி. ஆயினும் அவற்றுட் பல இசையை விட்டுப் பேச்சையே தொழிலாகக் கொண்டுவிட்டன.

இந்நிலையில் வண்டியுடையார் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சிலர் பழைய கருவியைப் பெயர்த்தெறிந்து, பலகையில் அகலத் துளையிட்டுப் புதிய கருவியை வைக்கின்றனர். சிலர் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வயிற்றுள் இருந்த வால்வுகளையும் கம்பிகளையும் குடைந்தெடுத்து, புதிய மின்பலகை ஒன்றை உள்ளே அடைக்கின்றனர். பின்னதைச் செய்வோர் தாம் பழமையைக் காத்ததாகவே எண்ணுகின்றனர். எமக்கு அது பறவையின் தோலுக்குள் வைக்கோல் திணிப்பதாகவே தோன்றுகின்றது. இவ்விரண்டுமன்றி மூன்றாவதொரு வழி உண்டு. பழைய கருவியின் உறுப்பொன்றையும் நீக்காமல், கைப்பேசியினின்று வரும் ஒலியை அதன் உள்ளே புகவிடுவதற்கு ஒரு சிறு வாயிலை அமைத்தலே அது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் ஆக்ஸிலியரி இன்புட் என்பது. கடைத்தெருவில் 'ஆக்ஸ்' என்று குறுக்கிச் சொல்லுவர். யாம் இதனைத் துணைவாயில் என்று கூறுவோம். பழந்துருத்தியிற் புதுரசம் வார்த்தலைப் பற்றிய உவமையை விவிலியம் பயின்ற நண்பர் சிலர் ஈண்டு எமக்கு நினைவூட்டக்கூடும். துருத்தி கிழியாமல் வார்க்கும் முறையைத்தான் கீழே விரிக்கின்றோம்.

இவ்வெண்ணம் நம் காலத்திற் பிறந்ததன்று. 1930-களிலும் 1940-களிலும் வந்த வீட்டு ரேடியோக்களின் முதுகைத் திருப்பிப் பார்த்தவர், அவற்றுட் பலவற்றில் இரண்டு சிறு துளைகள் இருக்கக் கண்டிருப்பர். கிராமபோன் பெட்டியின் ஊசித்தலையினின்று வரும் கம்பிகளை அத்துளைகளிற் செருகினால், இசைத்தட்டின் பாட்டு ரேடியோவின் ஒலிபெருக்கி வழியே வெளிவரும். ரேடியோ தானாக வாங்கும் ஒலியையன்றிப் பிறிதோர் ஒலியையும் அது பெருக்கித் தரும் என்பதை அந்நாளைய மக்கள் நன்கு அறிந்திருந்தனர். வண்டியிலும் அம்முயற்சி நடந்தது. 1956-ஆம் ஆண்டுக்குரிய தன் வண்டிகளில் கிரைஸ்லர் நிறுவனம் 'ஹைவே ஹை-ஃபை' என்ற பெயரால் ஓர் இசைத்தட்டுப் பெட்டியை முகப்புப் பலகையின் அடியில் வைத்தது. அதனை வகுத்தவர் கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனத்தின் ஆய்வுச்சாலையில் இருந்த பீட்டர் கோல்ட்மார்க் என்னும் அறிஞர். 1948-இல் நீளிசைத்தட்டு உலகிற்கு வந்ததில் பெரும்பங்கு கொண்டவரும் அவரே. ஏழங்குல அகலமுள்ள தட்டு. நிமிடத்துக்கு 16⅔ சுற்று. வண்டி குலுங்கினும் ஊசி தாவாதிருத்தற்பொருட்டு அதனைச் சற்றே அழுத்தமாகத் தட்டின்மேற் பதியவைத்தனர். அவ்வூசியின் ஒலி புகுந்தது வேறெங்குமன்று, அவ்வண்டியின் ரேடியோவுக்குள்ளேயே. அத்தகைய தட்டுகள் கடைகளில் எளிதிற் கிடைக்காமையாலும், பழுது மிகுந்தமையாலும், அது சில ஆண்டுகளில் மறைந்தொழிந்தது. பின்னர் ஐரோப்பாவில் பிலிப்ஸ் நிறுவனத்தார் 45 சுற்றுத் தட்டை வாய்க்குள் விழுங்கிப் பாடும் 'மிஞான்' என்னும் சிறு பெட்டியை வண்டிகளுக்கென விற்றனர். அதுவும் ரேடியோவையே அண்டிப் பிழைத்தது. ஆகவே, இன்று துணைவாயில் அமைப்போர் பழமையை மீறுகின்றார் என்று கூறுதற்கு இடமில்லை.

இனி, வாயிலை எங்கே திறப்பது என்பதை ஆராய்வோம். அதற்கு ரேடியோவின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஏரியினின்று வயலுக்கு நீர் வரும் முறையை மனத்திற் கொள்ளுக. வானத்தில் பரந்த பல அலைகளை ஏரியல் ஏற்கின்றது. நாம் திருகும் குமிழ் அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கின்றது. தெரிந்தெடுத்த அலை ஓர் இடைநிலை அலையாக மாற்றப்பட்டுப் பெருக்கப்படுகின்றது. பின்னர் டிடெக்டர் எனப்படும் உறுப்பு, அலையாகிய உமியை நீக்கி ஒலியாகிய அரிசியைப் பிரித்துத் தருகின்றது. இதுகாறும் நடந்தது முன்பாதி. பிரிந்த ஒலி வால்யூம் கன்ட்ரோல் எனப்படும் மதகுக்கு வருகின்றது. மதகைத் திறந்த அளவுக்கு ஒலி, பெருக்கும் வால்வுகளுக்குச் சென்று, வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் வழியே ஒலிபெருக்கியை அடைகின்றது. இது பின்பாதி. மதகுக்கு இப்பால் உள்ளதெல்லாம் ஒலி, அலை அன்று. எனவே, கைப்பேசியின் ஒலியை மதகின் வாயிலே கொண்டுவந்து விடுவோமாயின், அதற்குக் கீழே உள்ள கருவி முழுதும் மாற்றமேயின்றி அதனைப் பெருக்கித் தரும். குமிழும் பழைய குமிழே. மணியும் பழைய மணியே.

இவ்விடம் பொருத்தமானதென்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. டிடெக்டர் தரும் ஒலியின் வலிமை அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்டு வரையில் இருக்கும். கைப்பேசியின் காதணி வாயிலிற் கிடைப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். எழுபதாண்டு இடைவெளியிட்டுப் பிறந்த இரண்டு கருவிகள் ஒன்றையொன்று அறியாமலே ஒரே அளவிற் பேசுவது வியப்பன்றோ! ஆதலின் இடையில் வேறு பெருக்கி எதுவும் வேண்டுவதில்லை.

செய்முறைக்கு வருவோம். ரேடியோவை வண்டியினின்று இறக்கி, மேசைமேல் வைத்து, மூடியைக் கழற்றுக. வால்யூம் கன்ட்ரோலின் பின்னே மூன்று கால்கள் இருக்கும். ஒன்று தகரப் பெட்டியோடு, அஃதாவது எர்த்தோடு, சேர்ந்திருக்கும். நடுக்கால் பெருக்கும் வால்வை நோக்கிச் செல்லும். எஞ்சியதே நாம் தேடும் வாயில். அமெரிக்கக் கருவிகள் சிலவற்றில் நான்காவது கால் ஒன்றும் இருக்கக் கண்டு மயங்கற்க. ஒலியைத் தாழ்த்தியபோதும் அடிச்சுரம் மெலியாதிருத்தற்கு வைத்த கிளை அது; அதனைத் தொடுதல் வேண்டா. வாயிற்காலுக்கு டிடெக்டரிலிருந்து வரும் கம்பியைப் பற்று நீக்கி எடுத்து, மூன்று முனையுள்ள சிறு இருவழிச் சுவிட்சின் ஒரு பக்கத்திற் சேர்க்க வேண்டும். சுவிட்சின் நடுமுனையை வாயிற்காலோடு இணைக்க வேண்டும். மறுபக்கம் நம் துணைவாயிலுக்கு உரியது. ஒருபால் தள்ளினால் ரேடியோ; மறுபால் தள்ளினால் கைப்பேசி. சுவிட்சு இல்லாமல் இரண்டையும் ஒன்றாகவே சேர்த்துவிடலாம் என்பாரும் உளர். அங்ஙனம் செய்தால் பாட்டின் பின்னணியில் மத்திய அலையின் இரைச்சல் ஓயாமற் கேட்கும். மழைக்காலத்து இடியும் பாட்டோடு கூடும்.

கைப்பேசி ஈரொலிக் கருவி. வலக்காதுக்கு ஒன்று, இடக்காதுக்கு ஒன்றென இரண்டு ஒலி தருவது. பழைய ரேடியோவுக்கோ வாய் ஒன்றே. இரண்டு கம்பிகளையும் முறுக்கி ஒன்றாக்கிவிடுவது பலர் செய்யும் பிழை. அவ்வாறு செய்தால் கைப்பேசியின் இரு பெருக்கிகளும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளி வருந்தும். ஒவ்வொரு கம்பியிலும் 1 கிலோ ஓம் அளவுள்ள மின்தடை ஒன்றை வைத்து, அவற்றின் மறுமுனைகளைச் சேர்த்தால் இரண்டும் அமைதியாகக் கலக்கும். இவ்விரு தடைகளின் விலை ஒரு தேநீரின் விலைக்கும் குறைவு.

கலந்த ஒலியை நேரே உள்ளே விடாமல், இடையில் ஒரு கண்டென்சரை வைத்தல் வேண்டும். பழைய கருவிகளில் அவ்விடத்தில் சிறிது நேர்மின்னோட்டமும் தங்கியிருத்தல் உண்டு. அது கைப்பேசிக்குட் சென்றுவிடலாகாது. கண்டென்சர் ஒலியைச் செல்லவிட்டு நேர்மின்னைத் தடுக்கும். அதன் அளவு என்னை? எனின், ஈண்டுத்தான் யாமே ஒருமுறை இடறினோம். வால்வுக் கருவிகளில் வால்யூம் கன்ட்ரோலின் தடை 5 லட்சம் ஓம் முதல் 10 லட்சம் ஓம் வரை இருக்கும். அதற்கு 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போதியது. கணக்கிட்டுப் பார்த்தால் விநாடிக்கு 3 அதிர்வு வரையுள்ள தாழ்ந்த ஒலியும் அதனூடே செல்லும். மனிதச் செவி 20 அதிர்வுக்குக் கீழ்க் கேட்பதில்லை. இந்த அளவையே மனத்திற்கொண்டு, டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றிலும் 0.1 மைக்ரோஃபாரட் வைத்தோம். பாடகர் குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. மிருதங்கத்தின் தொப்பி ஒலி அறவே இல்லை. ஒலிபெருக்கி கெட்டதென்று மாலை முழுதும் அதனையே குற்றஞ் சாட்டிக்கொண்டிருந்தோம். உண்மை வேறு. டிரான்சிஸ்டர் கருவிகளின் வால்யூம் கன்ட்ரோல் 10 ஆயிரம் ஓம் அளவே உள்ளது. அத்தடையோடு 0.1 மைக்ரோஃபாரட் சேர்ந்தால் 159 அதிர்வுக்குக் கீழுள்ள ஒலியெல்லாம் தேய்ந்துவிடும். 4.7 மைக்ரோஃபாரட் வைத்த பின்னர் மிருதங்கம் மீண்டது. வைக்குமுன் கன்ட்ரோலின் தடையை மீட்டரால் அளந்துகொள்ளுக என்பதே யாம் கற்ற பாடம்.

ஜாக்கிலிருந்து கன்ட்ரோல் வரையிற் செல்லும் கம்பி உறைக்கம்பியாக இருத்தல் வேண்டும். அஃதாவது, நடுவே ஒரு கம்பியும் அதனைச் சுற்றி வலைபோற் பின்னிய செப்பு உறையும் உடையது. வெறுங்கம்பியாயின் எஞ்சினின் தீப்பொறி ஒலியும், வைப்ரேட்டரின் முரற்சியும் அதிற் புகுந்து பாட்டைக் கெடுக்கும். உறையை ரேடியோவின் எர்த்தில் ஓரிடத்தில் மட்டும் சேர்க்க.

இனிக் கூறுவதை வாசிப்போர் ஊன்றி நோக்குவாராக. கட்டுரையின் மற்றப் பகுதிகளை மறந்தாலும் இதனை மறத்தலாகாது. இக்கால வண்டிகளில் பாட்டரியின் எதிர்முனை வண்டியுடம்போடு சேர்ந்திருக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் இது தலைகீழ். ஃபோர்டு நிறுவனத்தின் அமெரிக்க வண்டிகள் 1955 வரையில் 6 வோல்ட்டுப் பாட்டரியோடு நேர்முனையை உடம்பிற் சேர்த்தே வந்தன. 1956-ஆம் ஆண்டு வண்டிகளிலேதான் 12 வோல்ட்டுக்கும் எதிர்முனைக்கும் மாறின. இங்கிலாந்தின் வண்டிகளிற் பல 1960-களின் நடுப்பகுதி வரையில் நேர்முனை எர்த்து உடையனவே. இத்தகைய வண்டியில் ஒருவர் துணைவாயில் அமைத்துக் கைப்பேசியைச் செருகுகின்றார் எனக் கொள்வோம். பாட்டு நன்றாகவே வரும். வழியில் கைப்பேசியின் மின்சாரம் தீரவே, அதனை வண்டியின் சார்ஜரிலும் செருகுகின்றார். சார்ஜரின் எதிர்முனை கைப்பேசியின் எர்த்தோடு ஒன்று. கைப்பேசியின் எர்த்து பாட்டுக் கம்பியின் உறையோடு ஒன்று. உறை ரேடியோப் பெட்டியோடு ஒன்று. பெட்டி வண்டியுடம்போடு ஒன்று. வண்டியுடம்போ பாட்டரியின் நேர்முனை. ஆக, பாட்டரியின் இரு முனைகளும் நூல்போன்ற அப்பாட்டுக் கம்பியின் வழியே நேருக்கு நேர் சந்திக்கின்றன. ஃபியூஸ் உருகினால் நல்லூழ். உருகாவிடின் கம்பி எரியும், கைப்பேசி மாளும், முகப்புப் பலகையின் பின்னே எண்பதாண்டுப் பழமையுடைய பருத்தியுறைக் கம்பிகள் காத்திருக்கின்றன, தீப்பற்ற.

இதற்குப் பரிகாரம் இரண்டு. பாட்டுக் கேட்கும்போது கைப்பேசியைச் சார்ஜரிற் செருகாதிருத்தல் ஒன்று. இது எளிது, ஆயின் மறதியுள்ளவர்க்கு ஆகாது. வண்டியை ஓட்டுவார் எப்போதும் ஒருவரே என்பதும் உறுதியில்லை. மற்றொன்று, துணைவாயிலுக்கும் கன்ட்ரோலுக்கும் இடையே 600 ஓம் அளவுள்ள சிறு டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்தல். அதனுள் இரண்டு கம்பிச்சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் ஓர் இரும்பின்மேற் சுற்றப்பட்டிருக்கும். ஒலி காந்தவிசையாகக் கடந்து செல்லும். செப்பும் செப்பும் தொடுவதில்லை. இது வைத்தபின் ஜாக்கின் உலோகம் வண்டியின் உலோகத்தைத் தொடாதவாறு பிளாஸ்டிக் ஜாக்கையே கொள்ளுதல் வேண்டும். இன்றேல் வைத்ததனாற் பயனில்லை. எதிர்முனை எர்த்துள்ள வண்டிகளிலும் இச்சிறு பொருள் நன்மை செய்யும். சார்ஜர் செருகியவுடன் எஞ்சினின் வேகத்துக்கேற்ப ஏறியும் இறங்கியும் கேட்கும் சீழ்க்கை ஒலி இதனால் அடங்கும். கம்பியின்றிப் புளூடூத் வழியாகக் கேட்க விரும்புவோர் வைக்கும் சிறு பலகைக்கும் இவ்வெச்சரிக்கை முற்றும் பொருந்தும். அதுவும் வண்டியின் மின்சாரத்தையே உண்பது.

1960-களின் பிரிட்டிஷ் டிரான்சிஸ்டர் கருவிகள் சிலவற்றில், எர்த்து எம்முனையாயினும் பொருந்துமாறு துருவம் மாற்றும் செருகி இருந்தது. எர்த்தை மாற்றிய வண்டியில் அச்செருகியை மாற்றாமல் ரேடியோவை முடுக்கினால் அக்கணமே ஜெர்மானிய டிரான்சிஸ்டர்கள் இறந்துபடும். ஜெர்மானியம் என்றது ஒரு தனிமம், நாட்டைக் குறித்ததன்று.

கருவியின் பழமையைப் பற்றியும் சில சொல்லுதல் வேண்டும். வால்வு ரேடியோவுக்கு 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தேவை. வண்டியிலோ 6 அல்லது 12 வோல்ட்டே உண்டு. நேர்மின்னோட்டம் டிரான்ஸ்பார்மரில் உயராது. ஆதலின் வைப்ரேட்டர் என்னும் சிறு கருவி, விநாடிக்கு 115 முறை இப்பாலும் அப்பாலும் துடித்து, மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக்கித் தருகின்றது. பழைய ரேடியோவை முடுக்கியதும் வண்டு முரல்வதுபோற் கேட்பது அதுவே. வால்வுகள் சூடேறும் வரையில் அரை நிமிடம் வண்டின் ஒலி மட்டும். பின்னர்ப் பாட்டு மெல்ல எழும். இதனைக் கேட்டவர் குடைந்தெடுத்த பெட்டியை ஒருபோதும் விரும்பார். நிற்க. நெடுநாள் உறங்கிய கருவியை உடனே முடுக்குதல் தவறு. மெழுகு தோய்ந்த காகிதக் கண்டென்சர்கள் ஈரமேறிக் கெட்டிருக்கும். அவற்றுள்ளும் வைப்ரேட்டரை அடுத்து நிற்கும் உயர்வோல்ட்டுக் கண்டென்சர் கெட்டிருப்பின், வைப்ரேட்டரையும் டிரான்ஸ்பார்மரையும் தன்னோடு கொண்டு செல்லும். இவற்றை மாற்றியபின்னரே துணைவாயில் வேலையைத் தொடங்குக. ஒலிபெருக்கியை இணைக்காமல் முடுக்குதலும் ஆகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பெரிய கண்டென்சர்களில் உயர்வோல்ட்டு சிறிதுபோது தங்கியிருக்கும்; கை வைக்குமுன் மீட்டர் வைத்துப் பார்த்தல் நலம்.

இதைப் படித்துவிட்டு, வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ரேடியோவிலும் இவ்வாறே செய்யலாமே என்று எவரேனும் எண்ணக்கூடும். செய்தலாகாது. ஏ.சி., டி.சி. இரண்டிலும் பாடும் என்று விற்ற வீட்டுக் கருவிகளில், உள்ளிருக்கும் தகரச் சட்டமே சுவரின் மின்கம்பி ஒன்றோடு நேரே சேர்ந்திருக்கும். அதில் துணைவாயில் வைத்துக் கைப்பேசியைக் கையிற் பிடித்தால், 230 வோல்ட்டைக் கையிற் பிடித்ததற்கு ஒப்பாகும். வண்டி ரேடியோ பாட்டரியால் நடப்பதாதலின் அவ்வபாயம் அதிலில்லை.

பெட்டியைத் திறக்கவே அஞ்சுவோர்க்குச் சிறு ஒலிபரப்பிகள் விற்கப்படுகின்றன. அவை கைப்பேசியின் ஒலியை எஃப்.எம். அலையாக்கி ரேடியோவின் ஏரியலுக்கு அனுப்புவன. மத்திய அலை மட்டுமே வாங்கும் கருவிக்கு அவை பயன்படா. மத்திய அலையாக்கி அனுப்புவனவும் உண்டு. ஆயின் ஒலி முன்பாதி முழுவதையும் கடந்து வரவேண்டியிருத்தலால், இரைச்சலைத் தொற்றிக்கொண்டும் மேற்சுரங்களை இழந்தும் வரும். மத்திய அலையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒதுக்கிய இடம் குறுகியது. அதற்கேற்ப ரேடியோவின் சல்லடையும் குறுகியது. துணைவாயிலின் வழியே வரும் ஒலி அச்சல்லடையிற் புகுவதேயில்லை. ஆகவே அப்பழைய ரேடியோ தன் வாழ்நாளில் எந்நிலையத்தினின்றும் தந்திராத தெளிவோடு கைப்பேசியின் பாட்டைத் தரும். பழைய காகித ஒலிபெருக்கியின் இனிமையை யாம் மிகைப்படுத்திக் கூற விரும்பவில்லை. மனிதர் குரலும் வயலினும் அதில் மிக நன்றாக விளங்கும். நாதசுரத்துக்கு அவ்வளவு இடம் கொடாது.

எஞ்சியது ஜாக்கை எங்கே வைப்பது என்பது. முகப்புப் பலகையிலோ ரேடியோவின் முகத்திலோ துளையிடுதல் வேண்டா. இட்ட துளை மீண்டும் மூடாது. பெட்டியின் பின்புறத்தில் ஒலிபெருக்கிக் கம்பி வெளிவரும் துளை வழியாகவே உறைக்கம்பியையும் வெளிக்கொணர்ந்து, கையுறைப் பெட்டிக்குள் ஜாக்கையும் சுவிட்சையும் வைக்கலாம். கம்பி வெளிவரும் இடத்தில் ரப்பர் வளையம் ஒன்று இருத்தல் வேண்டும். இன்றேல் தகரத்தின் விளிம்பு நாளடைவில் உறையை அறுத்துவிடும். எல்லாம் முடிந்தபின், எக்கம்பியை எங்கே பிரித்தோம், எதனோடு சேர்த்தோம், கண்டென்சரின் அளவு யாது, வண்டியின் எர்த்து எம்முனை என்பவற்றை ஒரு சிறு தாளில் மையினால் எழுதி, நாளும் இட்டு, மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுக. இன்னும் முப்பதாண்டு கழித்து அம்மூடியைத் திறப்பவர் யாராயினும், பற்று நீக்கி, அக்கம்பியைப் பழைய இடத்திற் சேர்க்க அவருக்குக் கால்மணி நேரமே செல்லும்.